தூண்டில் மீனுக்குக் கட்டிய பல்

பல்செட்டு செய்கிறவருக்கு ஆழ்கடல் மீன்கள் மேல் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. அந்த மீன்களுக்குத்தான் எத்தனை பல்! ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தது போக மிஞ்சிய மெழுகிலும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கிலும் அவர் கடல் பிராணிகளாகச் செய்து தள்ளினார். ஒவ்வொன்றும் வீட்டு ஆள்தான். கோபம் வந்தால் பந்தாக ஊதிக்கொள்கிற பேத்தை மீன், அவருடைய மாமனார். அடுத்தவன் கூட்டில் குடியிருக்கும் நண்டு, மச்சான். இதையெல்லாம் அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. விட்டால் வீட்டில் சோறு கிடைக்குமா?

நூலகத்தில் கண்காட்சி வைக்கக் கூப்பிட்டபோது மனைவிக்காகத் தூண்டில் மீன் செய்தார். இருட்டுக் கடலில் நெற்றியில் விளக்கோடு அலைகிற மீன் அது. முன்பு வேலை பார்த்த பட்டறையை முதலாளி இழுத்து மூடியதும், மூன்று வருடம் மனிதர் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். மருந்துக்கடையில் கால்கடுக்க நின்று குடும்பத்தைக் கரை சேர்த்தவள் அவள். அதைச் சொல்ல இன்றுவரை அவருக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது.

வந்த கை சும்மா இருந்ததா? மீனின் வாய்க்கு மனைவியின் பல் அச்சையே எடுத்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு முன்பற்கள் போனது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறியிருந்த பழைய வரிசையை அப்படியே அவர் செய்து கொடுத்ததால், ஊரே அதைச் சொந்தப் பல் என்று நம்பிக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததிலேயே அழகான பல்வரிசை அதுதான் என்பதைத் தவிர, பாவம், அவர் வேறெதையும் யோசிக்கவில்லை.

முதல் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உலகத்துல வேற பல்லே கிடைக்கலையா?"

"அழகா இருக்கேன்னுதான்..."

"என் மானத்தை வாங்கிட்டீங்க. காலைல முதல் வேலையா அதை எடுத்துடுங்க."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலையில் இருவருமாகப் போனார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்க, அவள் குனிந்து பார்த்தாள்.

"வயித்துல என்ன இது, கொப்புளமாட்டம்?"

"ஆண் மீன். இத்தனூண்டுதான் இருக்கும். பொண்ணு மீனைக் கடிச்சு அப்படியே ஒட்டிக்கும். அப்புறம் அதுக்குக் கண்ணும் போயிடும். அவ ரத்தத்துலதான் உயிரோட இருக்கும்." அவர் அந்தக் கொப்புளத்தை விரலால் தொட்டார். "அந்த மூணு வருஷம் நான் அப்படித்தானே இருந்தேன்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மா வந்து நின்றாள்.

"பல்லு அச்சு அசல் மனுஷப் பல்லாவே இருக்கே! யாரோடதுண்ணே?"

அவர் மென்று முழுங்கினார். "அது வந்து... சும்மா..."

"என்னோடதுதான்" என்றாள் மனைவி. "பல்செட்டு. கழட்டிக் காட்டட்டுமா?"

எதிர்வீட்டு அம்மா வாயைப் பிளந்தாள். மனைவி பெட்டியை மூடிவிட்டு, மீனின் வயிற்றைச் சுட்டிக் காட்டினாள்.

"இதோ ஒட்டிக்கிட்டு இருக்காரே, இவர் எங்க வீட்டுக்காரர்."