லேப்பில் வேலை செய்யும் கத்தரின்

கடல்கடந்து வந்து குடியேறிய மல்கிரேவில் கத்தரினைத் தெரிந்த எல்லோரும் அவளைப் பற்றி ஒரு விஷயத்தைப் பிழையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவள் லேப்பில் வேலை செய்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் லேப் என்றதும் நம்முடைய சனத்துக்கு வெள்ளைக் கோட்டும் இரத்தக் குழாயும்தான் கண்ணில் வரும். கத்தரின் வேலை செய்தது பல் கட்டுகிற லேப்பில். வார்த்து எடுத்த பல்செட்டின் சொரசொரப்பை நீக்கி, நாக்குப் பட்டால் வழுக்குகிற அளவுக்கு மினுக்கிக் கொடுப்பது அவள் வேலை.

அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மன்னாரிலிருந்து வந்த புதிதில், தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது யாரோ அவளை “லேப்பில வேலை” என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் வாயை யார் மூடுவது? மகள் லிண்டாவும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

இதனால் கத்தரின் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதே தெருவில் இருந்த கோயம்புத்தூர்க்காரி கல்யாணி, த பேசின் என்ற இடத்திலுள்ள விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சுண்டலோடு தன் இரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டுவந்து நீட்டுவாள். சர்க்கரை கூடியிருக்கிறதா, கொழுப்பு குறைந்திருக்கிறதா என்று கேட்பாள். கத்தரின் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள்: “டொக்டரைக் கேளுங்கோ.” இவ்வளவு தெரிந்தும் எவ்வளவு அடக்கம் என்று கல்யாணி தன் கணவர் மகாதேவனிடம் மெச்சிக்கொள்வாள். மகாதேவன் உதட்டைப் பிரிக்காமல் சிரிப்பார். அந்த உதட்டுக்குப் பின்னால் இருக்கும் மேல்வரிசை கட்டிய பல் என்பது கத்தரினுக்கு முதல் நாளே தெரியும். அவர் மறைப்பதை வெளியில் சொல்வது தன் தொழிலுக்கு அழகில்லை என்று அவள் வாயே திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், கத்தரினுக்குத் தன் வேலையில் கொள்ளைப் பெருமை. ரயிலில் எதிரே இருக்கும் வயதானவர் வாய்விட்டுச் சிரித்தால், இது தன் கைபட்டுப் போன பல்லாக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பாள். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. வீட்டில் பேச்செடுத்தால் லிண்டா, “அம்மா, ப்ளீஸ், சாப்பிடேக்க வேண்டாம்” என்பாள்.

லிண்டா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது கல்யாணி ஒரு உதவி செய்தாள். தன் மகன் கிரண் பாவித்த கல்குலேற்றரை, வரைபடம் எல்லாம் கீறிக் காட்டுகிற பெரிய சாமான், லிண்டாவுக்கு இரவல் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. விநாயகர் காலடியில் வைத்து எடுத்து, திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, “ஒரு கீறல்கூட இல்ல பாருங்க, கிரண் கண்ணு மாதிரி வெச்சிருந்தான். அடுத்து என் தங்கச்சி பொண்ணுக்குக் குடுக்கணும்” என்று சொல்லிக் கொடுத்தாள். பின்பக்கத்தில் கிரணின் பெயர் பொறித்திருந்தது. கத்தரின் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

பரீட்சை நடக்கவிருந்த வாரத்தில் லிண்டா அதை மூடியில்லாமல் பையில் போட்டாள். அதே பையில் வீட்டுக் கதவின் திறப்புக் கொத்தும் கிடந்தது. பிறகு கேட்கவா வேண்டும்? திரை முழுக்கப் பொடிக் கீறல்கள், நடுவில் ஆழமாக ஒன்று. அந்த ஆழமான கீறல் விடை வருகிற இடத்துக்குச் சற்று முன்னால், கழித்தல் கோடு மாதிரிப் போய் உட்கார்ந்திருந்தது. நாலு என்று வந்த விடையை லிண்டா மைனஸ் நாலு என்று வாசித்தாள். பயிற்சித் தாளில் இரண்டு கணக்கு இப்படியே போனது. பரீட்சையும் கெடும், கல்யாணி முகத்திலும் முழிக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றால், முதுகில் இருக்கிற கிரணின் பெயருக்கு எங்கே போவது?

அன்று பின்னேரம் கத்தரின் வேலை முடிந்து வந்தபோது, லிண்டா குளியலறையில் துணியில் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். இன்டர்நெட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

“வையடி அதை,” என்று கத்தரின் துணியைப் பறித்தாள். “கட்டின பல்லையே பேஸ்ற் போட்டு மினுக்க வேண்டாமெண்டு நாங்கள் ஆக்களுக்குச் சொல்லி அனுப்புறம். பிளாஸ்ரிக்கை அது கீறும். இருக்கிற கீறல் காணாதெண்டு இன்னும் நூறு வேணுமோ?”

பிறகு கல்குலேற்றரை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். நகத்தை மெல்ல ஓட்டினாள். நடுக்கீறலில் நகம் தடக்கியது. கண்ணாடியாக இருந்தால் கையை விரித்திருப்பாள். இது பிளாஸ்ரிக், அவளுடைய சாமான். ஆனால் மெல்லிய பிளாஸ்ரிக். பல்செட் பழுதானால் திரும்ப வார்க்கலாம், இது பழுதானால் பழுதானதுதான்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் உட்கார்ந்தாள். கல்குலேற்றரைத் தனியே அனுப்பப் பயந்து லிண்டாவும் கூடவே வந்திருந்தாள். அம்மா வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த பல்வரிசைகளைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

கத்தரின் பற்றரியைக் கழற்றினாள். தண்ணீர் உள்ளே போகாதபடி திரையைச் சுற்றி ஒட்டுநாடா போட்டாள். மோட்டாரில் சுழன்று மினுக்கும் சில்லை அவள் தொடவே இல்லை. அதன் சூட்டுக்கு இந்தத் திரை உருகிவிடும், கைதான் வேலை செய்ய வேண்டும். பவுடரைவிட மென்மையான அரத்தாளை நனைத்து, அழுத்தாமல், ஒரே சீராகத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பூ விழுந்த கண் மாதிரி வெளுத்துப்போனது.

“பழுதாப் போச்சம்மா,” என்றாள் லிண்டா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“பொறு பிள்ளை. எல்லாப் பல்லும் இப்பிடி வெளுத்துத்தான் பிறகு மினுங்கும்.”

கடைசிப் பூச்சுக்கு வைத்திருக்கும் மாவுப் பசையை மெல்லிய துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக உரசத் தொடங்கினாள். கை தன் பாட்டில் போனது. எவ்வளவு அழுத்தலாம், எங்கே விட வேண்டும் என்று அந்த விரல்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வெளுப்பு ஓரத்திலிருந்து விலகியது. நடுக்கீறல் மயிரிழை ஆகி, அதுவும் இல்லாமல் போனது. பற்றரியைப் போட்டு லிண்டா நாலை அழுத்தினாள். நாலு நாலாகவே வந்தது. லிண்டா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. அந்தச் சனிக்கிழமை தாயும் மகளும் கல்குலேற்றரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். லிண்டா நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கல்யாணி நம்பாமல் திரையை ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடுத்ததைவிடப் பளபளப்பாக இருக்கிறதே என்று வியந்தாள்.

“உங்க லேப்ல பிளட் டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கிற கெமிக்கல் ஏதாச்சும் போட்டீங்களா கத்தரின்?”

கத்தரின் வாயெடுப்பதற்குள் லிண்டா முந்திக்கொண்டாள்.

“இல்லை அன்ரி. அம்மா வேலை செய்யிறது பல்லுக் கட்டுற லேப்பில. கடைசியா மினுக்கிறது அம்மாதான். அவ கை படாமல் அங்கயிருந்து ஒரு பல்லும் வெளியில போகாது.”

கத்தரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாகச் சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்த பெருமையைத் தன் பிள்ளை வாயாலேயே கேட்டுவிட்டாள். இதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? கல்யாணி வாயில் கை வைத்தாள். அப்படியென்றால் இத்தனை நாளும் தன் சுகர் ரிப்போர்ட்டை யாரிடம் காட்டினேன் என்று கேட்டுவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். கத்தரினும் சேர்ந்து சிரித்தாள்.

வாசல்வரை வழியனுப்ப மகாதேவன் வந்தார். கல்யாணி உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, எனக்கு மேல் பல்லு ஓரத்துல நாக்குக்குச் சொரசொரன்னு படுது. டாக்டரைத்தான் கேக்கணுமா?”

பழக்கத்தில் அந்தப் பதில் கத்தரினின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“அதுக்கு ஏன் அண்ணை டொக்டர்? என்னைக் கேளுங்கோ.”