பஸ்ஸில் மென்ற இஞ்சியும் நான் எடுக்காத நன்மையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஒரு துண்டு இஞ்சியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்ற கூச்சம். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. ஆண்டவர் தைரியம் தந்ததால் எழுதுகிறேன்.

கலியாணமாகி மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் வந்த பிறகு, ஞாயிறு பூசைக்கு வேதக் கோயிலுக்குப் போக பஸ் ஏற வேண்டியிருந்தது. வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் பிரட்டும். ஒருநாள் பாதி வழியில் இறங்கி வாந்தியெடுத்து, பூசையே தவறிப்போனது. அதன்பிறகு என் வீட்டுக்காரர் இஞ்சியைத் தோல் சீவி, உப்பில் தொட்டுக் கையில் தருவார். அதை மென்று சாற்றை விழுங்கிக்கொண்டே போனால் வயிறு அடங்கிக் கிடக்கும். ஆனால் பஸ் நிற்கும்வரை வாயில் இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நன்மை, அதாவது நற்கருணை, எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். நாங்கள் இறங்கும்போதே பூசை மணி அடித்துவிடும். இஞ்சி காரம் நாக்கில் இருக்க, நற்கருணை நாதரை எப்படி வாங்குவது? எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். நான் கடைசி வாங்குப் பலகையடியில் முழந்தாளிட்டபடி இருப்பேன். பசித்த வயிற்றோடு பந்தியைப் பார்ப்பது போலிருக்கும். வீட்டுக்காரர் மட்டும் வரிசையிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

"பாதர்கிட்ட ஒரு வார்த்த கேளேன் புள்ள."

"போங்க. இஞ்சி தின்னுட்டு வரலாமா பாதர்னு கேக்கச் சொல்றீங்களா? சிரிச்சிருவாரு."

"அப்ப நாங் கேக்கவா?"

"ஐயோ, மானத்த வாங்காதீங்க!"

"சரி, இஞ்சியையே கும்புட்டுக்கிட்டு இரு."

சிரிப்பார். ஆனால் நன்மை எடுத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தோள் உரச முழந்தாளிடுவார். அந்த உரசல்தான் எனக்குக் கிடைத்த பங்கு.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு இஞ்சியை நானே சீவிக்கொண்டேன்.

சில காலம் கழித்து, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய்க்காக டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"வெறும் வயித்தோட வரச் சொன்னனான். வாயில என்னம்மா?"

வெட்கத்தோடு பஸ் கதையைச் சொன்னேன்.

"இஞ்சியில ஜிஞ்சரோல் எண்டு ஒரு பொருள் இருக்கு. அந்தக் காரமே அதாலதான். சில பேருக்கு வயித்துப் பிரட்டலைக் குறைக்கும். உங்களுக்கு இது சாப்பாடில்லை அம்மா, மருந்து."

மருந்து. அந்தச் சொல் பஸ்ஸில் வீடு வரும்வரை நெஞ்சிலேயே நின்றது.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன் பாதரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மருந்தும் தண்ணியும் உபவாசத்த முறிக்காதும்மா. இதுக்காகவா இத்தன காலம் பின்னால இருந்தீங்க?"

அன்று வரிசையில் போனேன். திரும்பிப் பார்க்க முன்னால் என் வீட்டுக்காரர் இல்லை. நாக்கில் காரம் இன்னும் இருந்தது. ஆமென் சொல்லி நன்மை வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து முழந்தாளிட்டபோது, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் விடுகிறேன்.

என்னைப் போல யாராவது ஒருத்தி எங்காவது கடைசி வாங்கில் இருக்கலாம். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் இன்னும் இருக்கலாம். அவள் காதுக்கு இது போகட்டும். சொல்கிறவர்கள் இஞ்சி எல்லா வருத்தத்தையும் தீர்க்கும் என்று சேர்த்துச் சொல்லாதீர்கள். டொக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். அதையும் விட்டுவிடாமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.