சீட்டை இறக்காத ஆறு சைக்கிள்கள்

திருத்தணியில் என் தம்பி வீட்டு போர்ட்டிகோவில் எட்டு சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றில் ஆறின் சீட் என் விலாவைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் எனக்கும் என் மனைவிக்கும். பால் வாங்கப் போகிறவர்கள், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் தாமே கேட்டைத் திறந்து வந்து ஒன்றில் ஏறியும் பார்த்தார். ஏறிவிட்டார், இறங்கத்தான் தெரியவில்லை. நான் பிடித்து இறக்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நெதர்லாந்தில் குடியேறின புதிதில் ஒரு சைக்கிள் கடையில் நானும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். அன்று கடைக்காரர் என் மனைவி சரளாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப்போனார். பத்து வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற, மணியில் பூப்போட்ட சைக்கிள்தான் அவளுக்குக் கால் எட்டியது. இரண்டு நாள் கோபத்தில் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஏறினவள் இன்றுவரை அந்த அளவு சைக்கிளைத்தான் ஓட்டுகிறாள்.

சரளா என் தாய்மாமன் மகள். பள்ளிப்பட்டில் தறி ஓடின வீடு, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற வீடு. என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள், தெலுங்கில் அத்தான். நெதர்லாந்தில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் ஆறு பேரும் அதுதான் என் பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிட, அறுபது தாண்டிய வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் எனக்கு மாமன் மகள்களாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி மரைக்கா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஒருநாள் ஓட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, எங்கள் ஊரில் மலைகளுக்கு நடுவே ரோடு போகும், வந்து ஓட்டிப் பாருங்கள் என்று சரளா சும்மா சொல்லிவைத்தாள். ஆறு பேரும் அங்கேயே டைரியைத் திறந்துவிட்டார்கள். பொங்கல் கழிந்த வாரம் வருவதாக முடிவாயிற்று. திருத்தணியில் தங்கி தினமும் ஒரு பக்கம் போவது: ஒருநாள் பள்ளிப்பட்டு, ஒருநாள் மணவூர், ஒருநாள் ஆந்திரா எல்லை தாண்டி. சரளா கைப்பட வரைபடம் போட்டாள். எங்கே நிழல், எங்கே டீக்கடை, எந்த வீட்டு நாய் துரத்தும் என்பது வரைக்கும் அதில் இருந்தது.

ஏற்பாடுகளுக்காக நாங்கள் டிசம்பர் ஆரம்பத்திலேயே வந்துவிட்டோம். சைக்கிள் பொறுப்பை காதர் பாய் எடுத்துக்கொண்டார். அரக்கோணத்துக்காரர், இங்கே கடை வைத்திருக்கிறார், நானும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆறு பேரின் கால் அளவைக் கொடுத்ததும் சீட்டை மறுபடி மறுபடி பார்த்தார்.

"இன்னாப்பா, மனுசன் ஓட்டுறதுக்கா, ஒட்டகம் ஓட்டுறதுக்கா?" என்றார். ஆனாலும் சென்னை வரைக்கும் அலைந்து நீளமான சீட் கம்பி ஆறு வாங்கிவந்து மாட்டினார்.

சரளா இன்னொரு வேலையும் செய்திருந்தாள். வருகிறவர்களுக்காக டச்சு மொழியில் மூன்று பக்கத்துக்கு ஒரு குறிப்பு. மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் மட்டும் குடிக்கவும். வெட்டி வைத்த பழம் வேண்டாம். ஐஸ் கூடவே கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. வந்த முதல் வாரம் வழி பார்க்க நாங்கள் இருவரும் ஓட்டிப்போனபோது கனகம்மாசத்திரத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. நான் வேண்டாம் என்றேன். "இது நம்ம ஊரு தண்ணி பாவா, என்னை இன்னா பண்ணும்?" என்று ஐஸ் போட்டு இரண்டு கிளாஸ் குடித்தாள். புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்கிறோம். ஊரை நாம் மறக்கவில்லை, அதனால் வயிறும் மறந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம்.

புது வருஷம் பிறந்து நாலாம் நாள் அவள் கண் மஞ்சளாக இருந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு காமாலை என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறு வாரம் படுத்தே இருக்க வேண்டும், சைக்கிளை நினைக்கவே கூடாது என்றார். விருந்தாளிகள் வர இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே தெரு திரண்டு வந்துவிட்டது. இளநீர், பன், கைநிறைய கீழாநெல்லி, பள்ளிப்பட்டிலிருந்து அவள் அண்ணி கொண்டுவந்த மோர். நெதர்லாந்தில் ஒருவரைப் பார்க்கப் போவதென்றால் 'அஃப்ஸ்ப்ராக்' வேண்டும். முன்கூட்டியே நாளும் மணியும் பேசி ஒத்துக்கொள்வதற்கு அதுதான் பெயர். காய்ச்சலில் கிடந்தாலும் அது இல்லாமல் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். இங்கே கதவைச் சாத்தினால்தான் தப்பாகப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வந்தவர்கள் எல்லாரும் கட்டிலில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று. அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒண்ணும் இல்லம்மா, சரியா பூடும்."

ஆறு பேருக்கும் தகவல் சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னதும் சரளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லாதீங்க பாவா. மூணு பக்கம் எழுதிக் குடுத்துட்டு நானே படுத்துகினு இருக்கேன். அப்பறம் நம்ம ஊருக்கு அவுங்க ஜென்மத்துக்கும் வர மாட்டாங்க."

அவளுக்கு நோய் பெரிதாக இல்லை, ஊரின் மானம்தான் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் அவர்கள் ஊரை நாங்கள் பார்த்தோம், ஒரு தடவை எங்கள் ஊரை அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் இவ்வளவும் செய்தாள். அதனால் நானும் நம் வழக்கப்படி, தவிர்க்க முடியாத காரணத்தால் தள்ளிவைப்போம் என்று வாட்ஸப் குழுவில் எழுதினேன். இங்கே அப்படி எழுதினால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மரைக்கா அடுத்த நிமிஷமே கேட்டாள்: "என்ன காரணம், பாவா?" திணறிப்போய், வீட்டில் ஒரு விசேஷம் என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். பூவும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. விசேஷத்துக்கு நாங்களும் வரலாமா, என்ன உடுத்த வேண்டும், பரிசு கொண்டுவரலாமா என்று ஆறு பேரும் கேட்டார்கள். சேலை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஒருத்தி கிளம்பியே விட்டாள். வராதீர்கள் என்பதற்காகச் சொன்ன பொய், அவர்களை ரெண்டு நாள் முன்னதாகவே கூட்டிவந்துவிடும்போல இருந்தது.

தப்பிக்க வழியில்லாமல் மரைக்காவுக்கு மட்டும் உண்மையை எழுதினேன். அவள் என்னைத் திட்டவில்லை. சரளாவோடு பேச ஒரு அஃப்ஸ்ப்ராக் வேண்டும், சனிக்கிழமை உங்கள் நேரம் மூன்றரைக்கு முடியுமா என்று கேட்டாள். சரளா என்னோடு ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. ஆனாலும் சனிக்கிழமை தலை வாரி, பொட்டு வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் மரைக்காவின் நரைத்த தலை தெரிந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக ஒரே கேள்வி கேட்டாள்.

"சரளா, உனக்குப் பயமாக இருக்கிறதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை என்று கையைக் காட்டினாள்.  சரளா ஆமாம் என்றாள். அப்புறம் அழுதாள். காமாலை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. தெருவே வந்து நின்றும், கூடவே நான் இருந்தும், இதை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பு ஜூஸ் கதையை, இரண்டு கிளாஸ் உட்பட, அவளே சொன்னாள். 

"நல்லது. உன் மூன்று பக்கமும் சரி என்று இப்போது தெரிந்துவிட்டது," என்றாள் மரைக்கா. சரளா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

பயணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மரைக்கா போனை வைத்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரில் அப்புறம் பார்க்கலாம் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவர்களுடையது வேறு மாதிரி என்பதை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு வரி வந்தது. அடுத்த ஜனவரி, பொங்கல் முடிந்த செவ்வாய், காலை ஏழு மணி, திருத்தணி, பாவாவின் தம்பி வீடு. கீழே ஆறு பேரும் சரி என்று எழுதியிருந்தார்கள். சரளா அதை மூன்று தடவை படித்தாள். அன்று உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள்.

இன்று காலை காதர் பாய் வந்தார். ஒரு வருஷம் சும்மா நின்றால் சைக்கிள் வீணாகிவிடும், சீட்டை இறக்கி வைத்தால் தெருவில் நாலு பேராவது ஓட்டுவார்கள் என்று ஸ்பேனரை எடுத்தார். நியாயமான பேச்சுதான். நானும் தலையாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து சுவரைப் பிடித்தபடி சரளா வந்து நின்றாள். கண்ணில் மஞ்சள் பாதி இறங்கியிருந்தது.

"எறக்காதீங்க பாய். அவுங்க வர்றாங்க."

"அடுத்த வருசம்தானேம்மா?"

"ஆங். நாள் குறிச்சாச்சு."

பாய் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். வெறுங்கையோடு போக மனமில்லாமல் சங்கிலிகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் என் போனில் ஒரு படம் வந்தது. அங்கே எங்கள் வீட்டுச் சாவி மரைக்காவிடம் இருக்கிறது. பின்னால் ஷெட்டைத் திறந்து சரளாவின் சின்ன சைக்கிளை எடுத்து, துடைத்து, காற்றடித்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் இடத்தில் தங்கள் ஆறு சைக்கிளோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். தரையெல்லாம் உறைபனி. ஆறு உயரமான சைக்கிளுக்குப் பக்கத்தில் பூப்போட்ட மணியோடு அது மட்டும் குள்ளமாக நின்றது.

சரளா போனை வாங்கி அந்தப் படத்தையும் போர்ட்டிகோவையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கேயும் ஆறு உயரம், ஓரத்தில் அவளுடைய குட்டை. மெல்ல நடந்துபோய் அதன் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. ஓட்ட இன்னும் நாலு வாரம் ஆகும். எதிரே மலை வெயிலில் இருந்தது. மடியில் வைத்த போனில் இன்னொரு சைக்கிள் பனியில் அவளுக்காக நின்றுகொண்டிருந்தது.

"அங்க காத்து அடிச்சி வெச்சிட்டாங்க பாவா," என்றாள். பிறகு குனிந்து, தான் உட்கார்ந்திருந்த சைக்கிளின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். "இதுக்கும் அடிச்சி வையிங்க."