மூன்று குழாய் ரத்தமும் ஒரு மாமியாரும்

குழந்தைகள் வார்டில் ஊசியோடு நுழைபவளை எவரும் மலர்ந்த முகத்துடன் வரவேற்பதில்லை. அதே பணியில் காலம் கழித்தவர்கள் இதை அறிவார்கள். தொண்ணூறுகளின் இறுதியில், மதுரை மருத்துவமனையொன்றில் ஓர் ஆய்வுக்காக ரத்தம் சேகரிக்கும் செவிலியாக இருந்தேன். கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் நம் செல்களில் உள்ளன. அவற்றின் மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு உண்டு. ஒரே கிருமி ஒரு குழந்தைக்கு வெறும் சளியாகவும் இன்னொன்றுக்கு உயிராபத்தாகவும் முடிவதற்கு அந்த வேறுபாடு காரணமா என்பதே கேள்வி. குழந்தை, தாய், தந்தை மூவரின் ரத்தமும் வேண்டும்.

தாயின் குழாய்

உசிலம்பட்டியிலிருந்து செல்வியின் கைக்குழந்தை கடும் நிமோனியாவோடு வந்தது. முதல் குழந்தையையும் அதே நோய் கொண்டுபோயிருந்தது. இதுவும் தவறினால் செல்வியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகன் பாண்டிக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக மாமியார் வார்டு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டார். ரத்தம் எடுக்க நான் பாண்டியின் கையைக் கேட்டதும் குறுக்கே வந்து நின்றார். "எம் மகன் ஒரு நா படுத்தவன் இல்ல. கோளாறு இவ ரத்தத்துலதான். எம்புட்டு வேணும்னாலும் இவகிட்டயே எடுத்துக்கங்க!"

அம்மாச்சி

மறுநாள் செல்வி அந்த மாமியாரை 'அம்மாச்சி' என்றழைத்தது என் காதில் விழுந்தது. விசாரித்தேன். பாண்டி அவளுக்குத் தாய்மாமன்; மாமியாரோ அவள் தாயைப் பெற்றவர். "அப்படியானால் செல்வியின் ரத்தத்தில் உங்கள் பங்கும் உண்டே, அம்மா" என்றேன். அவர் அசரவில்லை. கோளாறு, செல்வியின் தகப்பனான மேலூர்க்காரர் கொண்டுவந்தது என்றார். பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த பழங்காநத்தத்துப் பெண் இட்லியைப் பிட்டபடியே மாமியாரிடம் கேட்டாள்: "அந்த மேலூர் மாப்ளயத் தேடிப் பிடிச்சது யாரு அப்பத்தா?"

தந்தையின் குழாய்

வார்டே சிரித்தது. பாண்டி சிரிக்கவில்லை, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். "எடுங்க சிஸ்டர், பிள்ளை எனக்குந்தான பொறந்துச்சு."

குழந்தைக்கு மெல்ல மூச்சு சீரானது. வீடு திரும்பும் நாளில், குற்றம் யார் ரத்தத்தில் என்பது எப்போது தெரியும் என்று மாமியார் கேட்டார். முடிவு வர ஆண்டுகளாகும், அதுவும் பல குழந்தைகளைச் சேர்த்துத்தான் சொல்லும், எந்த வீட்டிலும் குற்றவாளியைக் காட்டாது என்று விளக்கினேன். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். குழந்தையைச் செல்வியின் இடுப்பில் வைத்துவிட்டு, பையைத் தாமே தூக்கினார். "ஒங்க மிசினு சொல்லட்டும். அதுவரைக்கும் எம் பேத்தி செல்வி எங்கூடத்தான் இருப்பா."

ஏற்பிகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இயலாது என்று ஆய்வு பின்னர் முடிந்தது. அந்தச் செய்தி உசிலம்பட்டிக்குப் போக வேண்டியதில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.