கடல்நீரில் நுரைத்த சவர்க்காரம்

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் நான் அறிவியல் கூட உதவியாளராக வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவ மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வேதியியல் பாடத்தில் சவர்க்காரம் செய்வார்கள். செம்பனை எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றிச் சூடாக்கி, கண்ணாடிக் கோலால் கிளறி, கடைசியில் உப்பைக் கொட்டினால் வெள்ளையாக ஏதோ திரண்டு மேலே வரும். அதை வடிகட்டி, விரலில் தேய்த்து, வழுக்குகிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சத்தைக் கொட்டிக் குவளைகளைக் கழுவி வைப்பது என் வேலை.

கழுவும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அதைப் போக்குவது சவர்க்காரம். அந்தச் சவர்க்காரமே எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் எண்ணெய் எந்த நேரத்தில் தன் குணத்தை விட்டுவிட்டு மாறுகிறது? குவளையின் அடியில் ஒட்டும் அளவுக்குச் செய்தால் அது கண்ணில் படுவதே இல்லை. ஒரு முழுக் கட்டி செய்து, அதைத் தேய்த்துக் குளித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வருடக்கணக்கில் அது வெறும் ஆசையாகவே இருந்தது.

என் கணவர் லோரி ஓட்டுகிறார். சுங்கை பஞ்சாங் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஓட்டில் விரிசல் விட்ட காய்களை ஒரு சாக்கு நிறையத் தோப்புக்காரர் சும்மா கொடுத்துவிட்டார். குழம்புக்கும் சட்னிக்கும் எத்தனை காய்தான் ஆகும்? சாக்கைப் பார்த்ததும் எனக்குக் குவளைகள் ஞாபகத்துக்கு வந்தன. மளிகைக் கடை இயந்திரத்தில் எல்லாவற்றையும் துருவி வாங்கி, வீட்டில் பிழிந்து, பாலை ஃபிரிஜ்ஜில் வைத்தேன். மேலே கட்டிய ஏட்டை எடுத்து வாணலியில் காய்ச்சினேன். நெடுநேரம் அது வெறுமனே கொதித்தது. பிறகு கசடு பழுப்பு நிறத்தில் ஒதுங்க, நடுவில் தெளிந்த எண்ணெய் தெரிந்தது. கசடில் சீனி போட்டு இவர் தின்று தீர்த்தார்.

காஸ்டிக் சோடாவைப் பள்ளியிலிருந்து எடுத்துவரக் கூடாது. ஹார்ட்வேர் கடையில் வாங்கினேன். கடைக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று கேட்டார். குளிக்கிற சவர்க்காரத்துக்கு என்றால் பயந்துவிடுவார் என்று ஆமாம் சொல்லிவிட்டேன்.

எத்தனை எண்ணெய்க்கு எத்தனை சோடா என்று இணையத்தில் பார்த்துக் கணக்குப் போட்டேன். எண்ணெயும் மிஞ்சக் கூடாது, சோடாவும் மிஞ்சக் கூடாது. சோதனைக்கூடத்துப் பழக்கம் அப்படி. வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் மேசை போட்டு, கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். அடுப்பே இல்லாமல் தண்ணீர் ஆவி விட்டது. இவர் எட்டி நின்று பார்த்தார்.

“தீயே வைக்கல, எப்படிச் சுடுது?”

கரையும்போது அப்படித்தான் சூடேறும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்குமே போதவில்லை என்பதுதான் உண்மை.

துண்டு எடுக்க நான் உள்ளே போன சமயத்தில், உதவி செய்வதாக நினைத்து ஓர் அலுமினியக் கரண்டியால் கரைசலைக் கலக்கிவிட்டார். திரும்பி வந்தால் கரண்டியைச் சுற்றிச் சோடா பானம் போலக் குமிழி பொங்குகிறது. கரண்டி கறுத்துக்கொண்டே வருகிறது. அவர் பயப்படவில்லை. குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை நகர்த்தச் சொல்லிக் கத்தினேன். கரண்டியை இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். அந்தக் கரைசலை அப்படியே கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“அப்ப இது கரண்டியயே தின்னுதே, உடம்புக்கு எப்படிலா போடுறது?”

அது நியாயமான கேள்விதான். சோடா முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து மாறிவிட்டால் அது சோடாவாக இருக்காது என்று சொன்னேன். சொல்லும்போதே என் பழைய கேள்விக்கு மறுபாதி கிடைத்தது போல் இருந்தது. மாறுவது எண்ணெய் மட்டுமில்லை. இரண்டுமே தத்தம் குணத்தை விட்டாக வேண்டும்.

ஆறிய கரைசலை எண்ணெயில் ஊற்றி, எஃகுக் கரண்டியால் கிளறினேன். முதலில் கலங்கியது. பிறகு கஞ்சி போல் கெட்டிப்பட்டது. பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து டப்பாவைத் தொட்டால் கதகதவென்று இருந்தது. திறந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்த கூழின் நடுவில் ஒரு வட்டம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் ஓரத்தை நோக்கி விரிந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் சட்டியில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் சீக்கிரம் இறுகும் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கத்தி வைத்தபோது கற்கண்டு போல் உடைந்தது. ஒழுங்கான கட்டி ஒன்றுகூடத் தேறவில்லை. கோணல் துண்டுகளை அலமாரியின் மேல் அடுக்கி, சில வாரம் காயவிட்டேன்.

குளித்துப் பார்த்த அன்று நுரைக்குக் குறைவே இல்லை. உள்ளங்கையில் இரண்டு தேய்ப்புக்கு மணிக்கட்டு வரை வெள்ளையாகப் பொங்கியது. ஆனால் துடைத்துக்கொண்டு வந்தால் முகம் இழுத்துப் பிடித்தது. சிரித்தால் தோல் வெடித்துவிடும் போல இருந்தது. இவர் கையில் இருந்த இயந்திர எண்ணெய் மட்டும் ஒரே கழுவில் போய்விட்டது.

“சட்டி கழுவ நல்லா இருக்கும்லா,” என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தூக்கி எறிய மனமில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருக்கிறார். பாக்சிக் என்று கூப்பிடுவோம். ஜெராமிலிருந்து சிறிய படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மீன் வாடை போகும், ஆனால் முகத்துக்குப் போடாதீர்கள் என்று சொல்லி ஒரு பை நிறையத் துண்டுகளை அவருக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

ஒரு மாதம் இருக்கும். பாக்சிக் எங்கள் கேட்டுக்கு வந்து, அந்த வெள்ளைச் சவர்க்காரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். படகில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான் கொண்டுபோவார்களாம். கை கழுவக் கடல் தண்ணீர்தான். கடைச் சவர்க்காரம் கடல் தண்ணீரில் திரிந்து கையில் ஒட்டுகிறது, உன்னுடையது நுரைக்கிறது என்றார்.

கடல் தண்ணீரில் அது நுரைக்க வழியில்லையே என்று மலாயில் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன். பள்ளியில் சவர்க்காரத்தைக் கரைசலிலிருந்து பிரிப்பதே உப்பைப் போட்டுத்தான். உப்பு இருக்கும் இடத்தில் சவர்க்காரம் கரைந்து நிற்காது. கடல் தண்ணீரில் உப்போடு இன்னும் என்னென்னவோ இருக்கிறது. வருடாவருடம் என் கையாலேயே உப்புப் போத்தலை எடுத்து வைக்கிறேன். அவர் விவாதிக்கவில்லை. சனிக்கிழமை வந்து பார் என்று மட்டும் சொன்னார்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும் நான் அதுவரை படகில் ஏறியதில்லை. சனிக்கிழமை காலையில் இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பள்ளியில் மாணவர்கள் விட்டுப்போன செம்பனைச் சவர்க்காரத்தில் ஓர் உருண்டையும், எங்கள் கோணல் துண்டு ஒன்றும் பையில் இருந்தன. படகுத்துறையிலேயே வாளியை இறக்கப் போனேன். பாக்சிக் தடுத்தார். இங்கே ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கும், இதில் நுரைத்தால் நீ நம்பமாட்டாய் என்றார். அது நான் சொல்லியிருக்கவேண்டிய பேச்சு.

சேற்றுக் கரையும் அலையாத்தி மரங்கள் அடர்ந்த காண்டாக் காடும் பின்னால் போய், தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சையாக மாறும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். படகு ஆட ஆட, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை வாளிக்குள் விட்டேன். முதலில் செம்பனை உருண்டை. தேய்க்கத் தேய்க்க விரல் இடுக்கில் திரிந்த பால் மாதிரித் திப்பி திப்பியாக ஒட்டியது. நுரை துளிகூட இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பது அப்படியே நடந்தது. வாளியை மாற்றி எங்கள் துண்டைத் தேய்த்தேன். கொஞ்சம் திப்பி வந்தது, வராமலில்லை. ஆனால் அதற்கு மேல் நுரை கிளம்பியது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் வந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அது நுரைதான். விரலால் வழித்துப் பார்த்தேன். மறுபடியும் வந்தது.

“காட்டு, காட்டு,” என்று இவர் பிடுங்கிக்கொண்டார். கையில் தேய்த்தார். திருப்தியாகவில்லை. வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தலைமுடியில் தேய்த்துவிட்டார். வெள்ளை நுரையோடு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பாக்சிக் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அலை பயமும் அப்போதுதான் விட்டது.

திங்கட்கிழமை பள்ளியில் வேதியியல் டீச்சரிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சிறியவர். அவரும் முதலில் நம்பவில்லை. உப்புக் கரைசல் கலந்து இரண்டு துண்டுகளையும் சோதனைக் குழாயில் குலுக்கிப் பார்த்தோம். பிறகு அவர் சவர்க்கார மூலக்கூறு இப்படித்தான் என்று ஒரு தாளில் வால் மாதிரி இரண்டு கோடுகள் போட்டார், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

“செம்பனைக் கொழுப்புக்கு வால் நீளம்க்கா. உப்பு வந்தா தண்ணிய விட்டுட்டு ஒதுங்கிரும். தேங்காய்க்கு வால் குட்டை. அவ்வளவு சுலபமா தண்ணிய விடாது.”

அந்தக் குட்டை வால்தான் தோலில் உள்ள எண்ணெயையும் விடாமல் உரித்தெடுத்துப் போயிருக்கிறது என்றும் சொன்னார். என் முகத்துக்கு ஆகாதது பாக்சிக்குக்கு ஏன் ஆனது என்று அப்போது புரிந்தது. அடுத்த தடவை சோடாவைக் குறைத்து, எண்ணெய் கொஞ்சம் மாறாமல் மிஞ்சும்படி செய்தேன். இறுகும் முன்பே வெட்டினேன். நுரை சற்று அடங்கியது, முகமும் இழுக்கவில்லை. இப்போது இரண்டு வகையும் செய்கிறேன். பழைய காரமான வகை பாக்சிக்கின் படகுக்கும் இவர் லோரிக்கும் போகிறது. சில நாள் எங்கள் கேட்டில், செனாங்கின் என்ற கடல்மீனைப் போட்டு பாக்சிக் மாட்டிவிட்டுப் போன பை ஒன்று தொங்கும்.

டீச்சர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். செம்பனைப் பழத்தின் சதையில் ஓர் எண்ணெய், கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் வேறோர் எண்ணெய். பருப்பு எண்ணெயின் வால் தேங்காய் போலவே குட்டையாம். பிறந்ததிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வாழ்கிறேன். ஒரு பழத்துக்குள் இரண்டு எண்ணெய் இருப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போன வாரம் சாலையோரம் தோட்டத்து லோரி ஒன்றிலிருந்து சிதறிய செம்பனைப் பழங்கள் சிலவற்றை இவர் பொறுக்கிக்கொண்டு வந்தார். சதையைச் சீவியெறிந்து, கொட்டையை அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். முதல் கொட்டை வழுக்கி ஓடிவிட்டது. இரண்டாவது பிளந்தது. உள்ளே கருந்தோல் போர்த்திய சிறு பருப்பு, வெட்டினால் வெள்ளை. பல்லில் கடித்துப் பார்த்தேன். முற்றிய தேங்காயின் ருசி. இவரிடம் பாதியைக் கொடுத்தேன். மென்றுகொண்டே, ஒரு கட்டிக்கு எத்தனை கொட்டை உடைக்கணும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் அடுத்த கொட்டையைக் கல்லின் மேல் வைத்தார்.