சாலமன் அண்ணனின் பேஸ் வரி

சாலமன் அண்ணன் போய்விட்டார். காலையில் ஹார்ட் அட்டாக்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் எனக்கு இன்னும் ஷிப்ட் முடியவில்லை. மாற்ற ஆள் வரவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வேலை பார்க்கும்போது அவர் எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை சூப்பர்வைசர் பயந்துபோய், "என்னண்ணே, வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டார்.

"பாட்டுய்யா!" என்று அண்ணனுக்கு வந்ததே கோபம்.

பாட்டுதான். சனிக்கிழமை தேக்காவில், ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஏழெட்டுப் பேர் பாடுவோம். பைபிள் சங்கீதங்களை ஆங்கிலச் செய்யுளாக்கி, அந்தக் காலத்து அமெரிக்கர்கள் நான்கு குரலுக்கு மெட்டுப் போட்டவை. பியானோ கிடையாது, ஆடியன்ஸ் கிடையாது. நான்கு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து, முதலில் ஃபா சோல் லா என்று ஸ்வரம், அப்புறம் வார்த்தை.

நடுவில் எல்லோரும் நிறுத்துவோம். அடிக்குரலான பேஸ் மட்டும் தனியாகக் கிளம்பும். பின்னாலேயே அதற்கு மேல் குரலான டெனர், அப்புறம் மற்றவர்கள்... துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி.

எங்கள் பேஸ் அவர் ஒருவர்தான். டெனர் நான், சரியான அவசரக்குடுக்கை. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டித் தடுப்பார். "இரு லா... நான் இன்னும் வீட்ட விட்டே கெளம்பல, நீ எங்க ஓடுற?"

இன்று மாலை ஈசூனில், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருக்கும் இடத்தில் பாடுவதாக முடிவு. ஆனால் பேஸுக்கு யார்?

குரூப் சாட்டில் காலையிலிருந்து அதே சண்டை. பேஸ் தனியாக வரும் இடத்தைக் கட் பண்ணிடலாமாம். இல்லாவிட்டால் ரெக்கார்டிங் போடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சற்றுமுன் ரூபி அண்ணி போன் பண்ணினார். சாலமன் அண்ணனின் மனைவி. ஒரு சனிக்கிழமைகூட எங்களோடு வந்ததில்லை.

"தம்பி, உங்க பாட்டு எனக்குத் தெரியாது. வீட்ல இவர் பாடுறதுதான் முழுப் பாட்டுன்னு நெனச்சேன். இதெல்லாம் ஒரு பாட்டான்னு எத்தன நாள் திட்டியிருக்கேன்..."

அழுதார். அப்புறம், "ஆனா அது எனக்கு மனப்பாடம். நான் பாடவா?"

போனிலேயே பாடிக் காட்டினார். ஒரு ஸ்தாயி மேலே. அண்ணன் மூச்சு வாங்குகிற அதே இடங்களில் மூச்சு வாங்கினார். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன்.

மாற்ற ஆள் வந்தாச்சு. ஓடுகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே... அண்ணி ஆரம்பிக்கட்டும். இன்னிக்கு நான் முந்த மாட்டேன்.