அடைக்கோழிக்கு ஒரு துண்டு இரும்பு

கம்பெனி மூடி வீட்டிலிருக்கும் நான் அடைவைத்த முதல் கோழி. வானம் உறுமியது. "அடில இரும்பு வெச்சியாய்யா? இடி இடிச்சா எல்லாம் கூமுட்டையாப் பூடும்" என்றாள் மனைவி.

நான் சிறுவனாயிருந்தபோது, ஆரம்பாக்கத்தில் என் நைனாவின் கம்பெனி கதவடைத்தபோதும் இப்படித்தான் இடித்தது. கோழி கொத்தக் கொத்த, அவர் அரைஞாணிலிருந்து அவிழ்த்து முட்டைகளுக்கடியில் செருகியது, ஆயில் நாற்றம் போகாத கம்பெனி லாக்கர் சாவி.

"கம்பெனில நாளைக்கே கூப்ட்டா இன்னா பண்ணுவ?" என்றாள் அம்மா.

குஞ்சுகள் பொரித்துப் போன பிறகும் சாவி தவிட்டுக்கூடையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது.

மறுபடி இடித்தது.

"ஊட்ல ஆணி எதுனா கீதா?" என்று கத்தினேன், சட்டைப்பையில் என் லாக்கர் சாவியை இறுகப் பிடித்தபடி.